சோப்பு அக்கா செய்த தப்பு

குறைமாதக் குழந்தைகள் வார்டில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் மோதிரத்தைக் கழற்ற வைத்தவள் சோப்பு அக்கா. எனக்குக் கல்யாணமாகி இருபது நாள்கூட ஆகியிருக்கவில்லை. "அவர் கோவிச்சுப்பாருக்கா" என்று இழுத்தேன். "அவர் ரெண்டு நாள் கோவிச்சுப்பார். மோதிரத்துக்கு அடியில இருக்கிற கிருமி கோவிச்சுக்காது, குடும்பம் நடத்தும். கழட்டு" என்றாள். கழற்றினேன். பிறகு நகத்தைப் பார்த்தாள், விரலிடுக்கைப் பார்த்தாள். முழங்கை வரை முகர்ந்து பார்க்காததுதான் பாக்கி.

அவள்தான் எங்கள் தலைமை நர்ஸ். இருபத்திரண்டு வருடமாக அதே வார்டு. வாசலைத் தாண்டியதும் வலது பக்கம் மூன்று தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே சுவரில் ஒரு சோப்பு பாட்டில். அங்கே நின்று ஒரு நிமிடம் கையைத் தேய்க்காமல் எந்தக் கொம்பனும் உள்ளே போய்விட முடியாது. கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பார்வையிட வந்த ஒரு மேலதிகாரியை, கட்டை விரலைத் தேய்க்கவில்லை என்று திரும்பக் கழுவ வைத்தாள். அந்த ஆள் முகத்தில் ஈயாடவில்லை. தங்கை குடும்பத்தோடு இருக்கிற அக்கா வீட்டில் பூனைகூடக் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வரும் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம். காதில் விழுந்தாலும் அசர மாட்டாள். "சிரிங்கடி, பல்லு இருக்கில்ல" என்று போய்விடுவாள்.

வீம்புக்காக அவள் அப்படி இருக்கவில்லை. புதிதாக வரும் தாய்மாரைத் தொட்டிப் பக்கம் நிறுத்தி, பிள்ளைக்கு என்ன குறை என்று அவள் சொல்லுகிற அழகுக்கு டாக்டர்களே நின்று கேட்பார்கள்.

"கடைசி மூணு மாசத்துலதாம்மா உன் உடம்புல இருக்கிற எதிர்ப்புச் சக்தி புள்ளைக்கு இறங்கும். உன் புள்ளை அதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு வெளிய வந்துட்டான். தோலைப் பாரு, வெங்காயச் சருகு. உனக்கும் எனக்கும் சும்மா இருக்கிற கிருமி அவனுக்கு எமன். சண்டை போட அவன்கிட்ட இன்னும் ஆள் சேரலை. உன் பால் உள்ள போகப் போகச் சேரும். நெஞ்சோட வெச்சு அணைச்சுக்கிட்டா உன் தோல்ல இருக்கிற நல்ல கிருமி அவன்மேல குடியேறும். அதுவரைக்கும் நம்ம கைதான் அவனுக்குக் காவல்."

இதைக் கேட்டுவிட்டு அழாத தாயை நான் பார்த்ததில்லை. அழுதுகொண்டே கழுவுவார்கள்.

அக்காவுக்கு இன்னொரு குணம் உண்டு. எதையும் வீணாக்க மாட்டாள். தேய்ந்து சில்லாகிப்போன பழைய சோப்பைப் புதுக் கட்டியின் முதுகில் ஒட்டவைத்துக் குளிக்கிற வீட்டில், ஏழு பிள்ளைகளில் ஒருத்தியாக வளர்ந்தவள். அதனால் வார்டின் சோப்பு பாட்டில்களை ஆயாம்மாவிடம் விட மாட்டாள், தானே நிரப்புவாள். பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருக்கும்போதே கேனிலிருந்து எடுத்து மேலே ஊற்றுவாள். கேன் தீர்ந்துவிட்டால் அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, ஒட்டிக்கொண்டிருப்பதையும் பாட்டிலில் சேர்த்துவிடுவாள். அடி காய்ந்த பாட்டில் ஒன்றைக்கூட நான் அங்கே கண்டதில்லை. "ஒரு சொட்டு வீணாகலை, பார்த்தியா?" என்பாள். நாங்கள் தலையாட்டுவோம். நர்சிங் படித்த பதினோரு பேர் அந்த வார்டில் இருந்தோம். அதில் ஒரு தப்பு இருக்கலாம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு தையல்காரிக்கு இருபத்தெட்டாவது வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தொள்ளாயிரம் கிராம் சொச்சம். வந்த முதல் நாளே மூக்குக்குழாயைப் பிடுங்கி எறிந்தது. "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுடி" என்றாள் அக்கா. அன்றிலிருந்து குழந்தைக்குப் பெயர் கடுகு.

தையல்காரிக்கு வீட்டில் நாலு வயதில் ஒரு மூத்த பெண் இருந்தாள். வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவள் என்பதால் அவள் விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள், ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த கோடு. அக்காவுக்கு அந்தக் கை முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. "இவ கைமேல ஒரு கண்ணு வெச்சுக்கோ" என்று என்னிடம் சொல்லி வைத்தாள். நான் வைத்தேன். அவள்போல ஒழுங்காகக் கழுவியவர்கள் அந்த வார்டில் குறைவு. துணியில் மடிப்பு எடுக்கிற மாதிரி ஒவ்வொரு விரலாக எடுத்துத் தேய்ப்பாள். பிறகு வந்து நாற்காலியில் சாய்ந்து, கடுகை வெறும் நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் அசையாமல் கிடப்பாள். அந்த நேரத்தில் கடுகின் மூச்சு சீராக இருக்கும். மானிட்டரைப் பார்த்தால் எங்களுக்கே தெரியும்.

பதினாறாம் நாள் காலை கடுகு மூச்சுவிட மறந்தது. தட்டிக் கொடுத்ததும் விட்டது. மறுபடி மறந்தது. உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. இவ்வளவு சின்ன உடம்புக்குக் காய்ச்சல் அடிக்கக்கூடத் தெம்பு இருக்காது; நோய் வந்தால் குளிர்ந்துபோகும். முந்தைய வேளை கொடுத்த பால் செரிக்காமல் வயிற்றில் அப்படியே நின்றது. ரத்தம் எடுத்து அனுப்பினார்கள், கிருமி என்று வந்தது, மருந்து ஏறியது.

அன்று பகல் தையல்காரி, அவள் புருஷன், மாமியார் மூன்று பேரும் வாசலில் நின்றிருந்தார்கள். தையல்காரி கையைக் கழுவிவிட்டு உள்ளே வர இருந்தாள். அக்கா வழியை மறித்தாள்.

"நேத்து கையைக் கழுவிட்டு நெத்தியில விழுந்த முடியை ஒதுக்கினே. நான் பார்த்தேன்."

"ஒதுக்கினேன் சிஸ்டர். ஆனா திரும்பப் போய்க் கழுவிட்டுத்தான் வந்தேன்."

"இருபத்திரண்டு வருஷமா இதே பதிலைத்தான் கேக்கறேன். கை கழுவத் தெரியாதவங்க புள்ளையைத் தொடக்கூடாது. கிருமி தானா பறந்து வராதும்மா, யாராவது கொண்டாந்து கொடுக்கணும். கண்ணாடிக்கு வெளிய நின்னு பாரு, போதும்."

மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டாள். புருஷன் தன் பெண்டாட்டியின் கையைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தையல்காரி சொன்னது உண்மை. முடியை ஒதுக்கியதையும் நான் பார்த்தேன், திரும்பத் தொட்டிக்குப் போய்க் கழுவியதையும் நான்தான் பார்த்தேன். அக்கா பார்க்காதது அந்த இரண்டாவது. நான் வாயைத் திறந்திருந்தால் அரை நிமிட வேலை. அக்காவை எதிர்த்துப் பேசினால் அடுத்த மாதம் டியூட்டி எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். அதனால் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். சாத்தியது நான்தான்.

நாலு நாள் அவள் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். பால் மட்டும் பீய்ச்சி டப்பாவில் கொடுப்பாள். அதற்கு முன்னால் தொட்டியில் நின்று கழுவுவாள், பார்த்தால் பயமாக இருக்கும். ஊசிப் புள்ளிகள் திறந்து ரத்தம் கசியும் வரை கழுவினாள். மூன்றாம் நாள் டப்பாவின் அடியைக்கூட மூடாத அளவுக்குப் பால் குறைந்துவிட்டது. மாமியார் நடையில் உட்கார்ந்து யாரோ ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அப்பவே சொன்னேன், மெஷினையும் எண்ணெயையும் தொட்ட கையின்னு. கேட்டாளா?" தையல்காரி ஏழடி தள்ளி நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்குக் கடுகு போய்விட்டது. துணியில் சுற்றி அக்காவே தூக்கிக்கொண்டு வந்து தாயிடம் நீட்டினாள். தையல்காரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என் கை வேணாம் சிஸ்டர். அத்தைகிட்டயே குடுங்க."

மாமியார்தான் வாங்கிக்கொண்டாள்.

அதற்குள் பக்கத்துத் தொட்டிலில் ஒன்று, சன்னலோரத்தில் ஒன்று என்று இன்னும் இரண்டு குழந்தைகளுக்கு அதே கிருமி வந்துவிட்டது. அந்தத் தாய்மார் நெற்றி முடியை ஒதுக்கவில்லை. பெரிய டாக்டர் பரிசோதனைக்கூடத்து ஆளை வரவழைத்தார். கிருமி வளர்த்துப் பார்ப்பதே வேலை என்பதால் நாங்கள் அவரைப் பூச்சிக்காரர் என்போம். பஞ்சுக் குச்சிகளோடு வந்து குழாய், கதவுப் பிடி, தராசு, ஸ்டெதாஸ்கோப், தொட்டில் விளிம்பு என்று எதையும் விடாமல் தடவி எடுத்தார். எங்கள் கைகளையும் கழுவுவதற்கு முன் ஒரு தடவை, கழுவிய பின் ஒரு தடவை தடவினார். "என் கையில ஒண்ணும் கிடைக்காது, நேரத்தை வீணாக்காதீங்க" என்று அக்கா அவரைக் கிண்டல் செய்தாள்.

மூன்று நாள் கழித்துப் பெரிய டாக்டரின் அறையில் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்கள்.

"கழுவுறதுக்கு முன்னாடி யார் கையிலயும் அந்தக் கிருமி இல்ல. கழுவின பிறகு எல்லார் கையிலயும் இருக்கு" என்றார் பூச்சிக்காரர். "அது சோப்புக்குள்ள இருக்கு. மூணு பாட்டில்லயும். பழைய சோப்பு மேலயே புதுசை ஊத்தியிருக்காங்க, தண்ணி வேற கலந்திருக்கு. பாட்டில் காயறதே இல்ல. அடியில ஒண்டிக்கிட்டு மாசக்கணக்கா வளர்ந்திருக்கு. பெரியவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது."

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று கேட்டிருக்கிறோம். அந்த அறையில் நின்றபோது எனக்கு என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஆயாம்மாதானே பாட்டில் நிரப்புறது?" என்றார் பெரிய டாக்டர். எல்லோரும் ஆயாம்மாவைப் பார்த்தார்கள். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டாள்.

"இல்ல டாக்டர். நான்தான்" என்றாள் அக்கா.

அந்த ஒரு வார்த்தைக்காக அவளை நான் இன்றும் மதிக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததற்காக அவளையும் மதிக்கவில்லை, என்னையும் மதிக்கவில்லை. பெரிய டாக்டர் மேஜைமேல் இருந்த அறிக்கையை மூடினார். "சரி. பாட்டில் எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. இனிமே தீர்ந்தா புது பாட்டில், மேல ஊத்துற வேலை கிடையாது. விஷயம் இந்த ரூமோட இருக்கட்டும். வெளிய சொல்லி ஆகப்போறது என்ன? போன புள்ளை திரும்பியா வரப்போகுது?" என்றார். அக்கா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அந்த அறையில் அத்தனை பேரும் கூடியிருந்தோம்.

மற்ற இரண்டு குழந்தைகளும் பிழைத்துக்கொண்டார்கள். வார்டு பழையபடி நடந்தது. அக்கா மட்டும் பழையபடி இல்லை. தொட்டிப் பக்கம் யாராவது நின்றால் வேறெங்கோ பார்ப்பாள். ஒரு புது டாக்டர் கைக்கடிகாரத்தோடு உள்ளே வந்தபோது எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் பஞ்சு மடித்துக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவள் நெஞ்சு குறுகுறுத்ததோ என்னவோ, வாய் அடைத்துப்போயிற்று. புதிதாக வந்த தாய்மாருக்கு அந்த எதிர்ப்புச் சக்தி விளக்கத்தை நான்தான் சொன்னேன். "நம்ம கைதான் காவல்" என்கிற இடம் வந்ததும் எனக்கு நாக்குப் புரளாது.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு மத்தியானம் தையல்காரியின் புருஷன் வந்தான். இறப்புச் சான்றிதழ் வாங்க ஆபீசுக்கு வந்தவன், அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வார்டு வாசலில் தயங்கி நின்றான். அக்கா வெளியே போனாள். நானும் பின்னால் போனேன்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். கையில இருக்கிற கிருமிக்கு மருந்து ஏதாவது இருக்கா?"

"யாருக்கு தம்பி?"

"அவளுக்குத்தான். மெஷினைத் தொடறதில்ல. மூத்தவளைத் தொடறதே இல்ல சிஸ்டர். தலை வாரறது, சாப்பாடு ஊட்டறது எல்லாம் எங்கம்மாதான். புள்ளை கிட்ட வந்தா 'அங்கயே நில்லு'ங்கறா. அதுவும் பழகிடுச்சு, அங்கயே நின்னுக்குது. மருந்து இருந்தா எழுதிக் குடுங்க. எங்க கிடைச்சாலும் வாங்கிடறேன்."

"நாளைக்கு வீட்டுக்கு வரேன் தம்பி. எல்லாரையும் இருக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள் அக்கா.

அவன் போன பிறகு, "பெரிய டாக்டர்கிட்ட கேக்க வேணாமாக்கா?" என்றேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அக்கா என்னைத் திட்டவில்லை. "நீ வரணும்னு இல்ல" என்றாள். அதற்குமேல் போகாமல் இருக்க முடியுமா?

ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. முன் அறையில் தையல் மெஷினைப் போர்வை போட்டு மூடியிருந்தார்கள். எங்களுக்கு நாற்காலி போட்டார்கள். அக்கா உட்காரவில்லை. தையல்காரி உள் அறை நிலைப்படியில் நின்றாள். கை இரண்டும் வெளுத்து, தோல் உரிந்து, வெயில் காணாத துணிபோல இருந்தது.

"உன் கையில ஒண்ணும் இல்லம்மா. என்னைக்கும் இருந்ததில்ல" என்றாள் அக்கா. "சோப்புல இருந்துச்சு. அந்த சோப்பை நான்தான் ஊத்தினேன். பழசு மேல புதுசா, தண்ணி விட்டு, மிச்சம் புடிக்கிறேன்னு. அதுல கிருமி வளர்ந்திருக்கு. நீ கழுவக் கழுவ அதைத்தான் பூசிக்கிட்டே. நானும் பூசிக்கிட்டேன். எல்லாரையும் விட அதிகமாக் கழுவினவ நான். புள்ளையை அதிகமாத் தொட்டவளும் நான்தான். பழியை உன்மேல போட்டேன், உன் வீட்டுக்காரர் முன்னாடி, உங்க அத்தை முன்னாடி. அதனால அவங்க முன்னாடியே சொல்ல வந்தேன்."

கீழே கடையில் யாரோ சக்கரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்றான் புருஷன்.

"புள்ளை போன மூணாம் நாள்."

"ஒன்றரை மாசமா?"

"ஆமா."

மாமியார் எழுந்தாள். அக்காவை அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் மருமகளிடம் போனாள். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கும் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. "முடியை ஒதுக்கிட்டு நீங்க திரும்பப் போய்க் கழுவினீங்க. நான் பார்த்தேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றேன். புருஷன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை.

அந்த நேரம் படியேறி மூத்தவள் வந்தாள். முழங்காலில் மண். வாசலுக்குள் இரண்டடி வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே நின்றுவிட்டாள். தாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தையல்காரி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நீட்டினாள். பிள்ளை நம்பவில்லை, பாட்டியைப் பார்த்தது. "போடி கண்ணு" என்றாள் பாட்டி. அதற்குப் பிறகுதான் ஓடியது. தையல்காரி வாரி எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பிள்ளையின் முதுகை, பிடரியை, காலை ஒவ்வொன்றாகத் தடவினாள். அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. தடவிக்கொண்டே இருந்த கை ஒரு இடத்தில் நின்றது. பிள்ளையின் தலைக்கு மேலாக அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ அந்த நாலு நாளும் நான் அவளைத் தூக்கியிருக்கலாமா சிஸ்டர்?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் தரையைப் பார்த்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

"தூக்கியிருக்கலாம்மா" என்றாள் அக்கா.